ரயில் சிமுலேட்டரில் சொந்த வழித்தடமும் சினாரியோவும் அமைப்பது எப்படி?

ரயில் சிமுலேட்டர் விளையாட்டுகளில் பிறர் அமைத்த வழித்தடங்களில் ஓட்டிப் பழகியவருக்கு, தமக்கென ஒரு வழித்தடத்தை அமைத்துப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் தொடங்குபவர்களில் பலர் முதலில் நிலத்தை விரித்து, மலையை எழுப்பி, மரங்களை நட்டு, ஊர்களைக் கட்டிவிட்டு, அதில் எந்த ரயில் எப்போது ஓடப்போகிறது என்பதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். பாதி வழியில் கைவிடப்படும் வழித்தடங்களில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கியவையே. எந்த ரயிலை, எங்கிருந்து எங்கு வரை, எந்த நேரத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்பதை, அதாவது சினாரியோவை, ஒரு தாளில் எழுதிய பிறகே வழித்தடம் அமைக்கும் கருவியான எடிட்டரைத் திறக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும், எந்த நிலையத்தில் எத்தனை பாதைகள் வேண்டும், எந்தப் பக்கத்துக் காட்சியை நுணுக்கமாக அமைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

எந்தச் சிமுலேட்டர்?

உங்களிடம் ஏற்கெனவே இருப்பதும் நீங்கள் ஓட்டிப் பழகியதுமான சிமுலேட்டரிலேயே தொடங்குங்கள். 2001-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் கோப்பு வடிவங்களை அப்படியே படிக்கும் ஓப்பன் ரெயில்ஸ் இலவசமானது, திறந்த மூலநிரலில் அமைந்தது. அதற்கான வழித்தடங்களை டிஎஸ்ஆர்இ5 என்ற தனி எடிட்டரில் அமைக்கலாம். அதே 2001-இல் தொடங்கிய டிரெயின்ஸ் வரிசையில் சர்வேயர் என்ற எடிட்டர் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிலத்தையும் தண்டவாளத்தையும் கையால் பிடித்து இழுப்பதுபோல் மாற்றலாம் என்பதால் புதியவர்களுக்கு அதுவே எளிது என்பது என் கருத்து. டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கிலும் எடிட்டர் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஓப்பன் பிவிஇ முற்றிலும் வேறு வகை: எத்தனையாவது மீட்டரில் வளைவு தொடங்குகிறது, எங்கே ஏற்றம் மாறுகிறது, எங்கே நிலையம் வருகிறது என்பதையெல்லாம் ஓர் எழுத்துக்கோப்பில் வரிவரியாக எழுத வேண்டும். அதில் பாதை இயல்பாக 25 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. எண்களோடு பழக விரும்புபவருக்கு அது நல்ல பயிற்சிக்களம்.

முதல் வழித்தடத்தின் நீளம்

10 முதல் 15 கிலோமீட்டர் போதும். இரு முனைகளிலும் ஒவ்வொரு நிலையம், நடுவில் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க இடம் தரும் லூப் லைன் உள்ள ஒரு நிலையம், ஒரு பாலம், ஒரு லெவல் கிராசிங் ஆகியவை அதற்குள் அடங்கிவிடும். ஒற்றைப் பாதையைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. தண்டவாள வேலை பாதியாகக் குறைவதோடு, எதிரே வரும் ரயிலுக்காகக் காத்திருப்பது என்ற சுவையான சூழலும் தானாகவே கிடைத்துவிடுகிறது. உண்மையில் உள்ள ஒரு பாதையை அமைப்பதா, கற்பனைப் பாதையா என்ற கேள்விக்கு, முதல் முயற்சியில் உண்மைப் பாதை ஒன்றின் சிறு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். வளைவு எங்கே வரவேண்டும், ஒரு பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட் எங்கே இருக்க வேண்டும் என்பதை ரயில்வே பொறியாளர்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்து அமைக்கும்போதே அதன் காரணங்கள் விளங்கத் தொடங்கும்.

நிலத்தின் உயரத் தரவு

உண்மைப் பாதைக்கு இரண்டு வகைத் தரவுகள் தேவை. முதலாவது, பாதை எங்கே செல்கிறது என்று காட்டும் வரைபடம். பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தண்டவாளங்களும் நிலையங்களும் ஆறுகளும் சாலைகளும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். செயற்கைக்கோள் படத்தை அருகில் வைத்து ஒப்பிட்டால் பாயிண்ட்கள் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். இரண்டாவது, நிலத்தின் உயரம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு, வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரையுள்ள நிலப்பரப்புக்கு ஏறத்தாழ 30 மீட்டர் இடைவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. பல எடிட்டர்கள் இதைத் தாமே படித்து நிலத்தை எழுப்பிக்கொள்ளும், அல்லது துணைக் கருவிகள் வழியாக ஏற்றுக்கொள்ளும்.

இந்தத் தரவின் இயல்பைப் புரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் வடிவத்தில் நிலம் 2048 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரத்திலும் 8 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உயரம் பதிவாகிறது. 30 மீட்டருக்கு ஒன்றாக அளந்த உயரத்தை 8 மீட்டர் வலைக்குள் நிரப்பும்போது இடைப்பட்ட புள்ளிகள் கணக்கிட்டு இட்டவையே; அளந்தவை அல்ல. தவிர, ரேடார் அளவு அடர்ந்த காட்டில் மரத்தலைகளையும், நகரத்தில் கட்டடங்களையும் ஓரளவு சேர்த்தே பதிவு செய்கிறது. ஆகவே மலையின் வடிவத்துக்கும் பள்ளத்தாக்கின் போக்குக்கும் இந்தத் தரவை நம்பலாம். தண்டவாளத்தின் உயரத்துக்கு நம்பக்கூடாது.

தண்டவாளம்: வேலையின் உயிர்நாடி

புதியவர்களின் வழித்தடங்களை ஓட்டிப் பார்த்தால் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தண்டவாளம் நிலத்தின் மேடுபள்ளங்களைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. தண்டவாளத்தின் சரிவை முதலில் தீர்மானித்துவிட்டு, மேடு குறுக்கிட்டால் அதை வெட்டியும், பள்ளம் வந்தால் மண்கரை எழுப்பியும், ஆறு வந்தால் பாலம் கட்டியும் நிலத்தைத்தான் பாதைக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். நீங்களும் அதையே செய்ய வேண்டும். அடுத்தடுத்த இரு நிலையங்களின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைத்தூரம் 6 கிலோமீட்டர், உயர வேறுபாடு 30 மீட்டர் என்றால், சராசரி ஏற்றம் 200-க்கு 1. அந்த 6 கிலோமீட்டரை மூன்று நான்கு நீண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே சீரான சரிவைக் கொடுங்கள். நிலையத்துக்குள் தண்டவாளம் சமமாகவோ ஏறக்குறைய சமமாகவோ இருக்கட்டும். தண்டவாளத்தை இட்டு முடித்த பிறகு, நிலத்தைத் தண்டவாளத்தின் உயரத்துக்கு இணக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால், வெட்டுகளும் மண்கரைகளும் தாமாகவே உருவாகும்.

சரிவு எண்களை அலட்சியமாக இடக்கூடாது. 1000 டன் எடையுள்ள ரயில் 100-க்கு 1 என்ற ஏற்றத்தில் ஏறும்போது, உருளும் உராய்வு போக, புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் எஞ்சின் 10 டன் எடைக்கு நிகரான, அதாவது சுமார் 98 கிலோநியூட்டன் இழுவிசையைத் தர வேண்டும். சரிவு 50-க்கு 1 ஆனால் அது இரு மடங்காகும். நீங்கள் தேர்ந்தெடுத்த எஞ்சினால் அந்தச் சுமையை இழுக்க முடியுமா என்பதை இந்த எளிய கணக்கிலேயே அறிந்துகொள்ளலாம். சக்கர வழுக்கலைக் கணக்கில் எடுக்கும் சிமுலேட்டராக இருந்தால், மழைநாள் சினாரியோவில் அதே ஏற்றம் இன்னும் கடினமாகும்.

வளைவுகளிலும் இதே கவனம் வேண்டும். இரு தண்டவாளங்களுக்கிடையே 1435 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பாதையில், வேகத்தை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எடுத்து, அதன் இருமடியை 11.8-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள வளைவின் ஆரத்தால் வகுத்தால், அந்த வேகத்தில் பக்கவிசையை முழுமையாகச் சமன்செய்யத் தேவையான வெளித் தண்டவாள உயர்த்தல் மில்லிமீட்டரில் கிடைக்கும். 1000 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இது 118 மில்லிமீட்டர். அதே வேகத்தை 400 மீட்டர் வளைவில் அனுமதித்தால் விடை 295 மில்லிமீட்டர் என வரும். எந்த ரயில்வேயும் தண்டவாளத்தை அவ்வளவு உயர்த்தாது. எனவே அங்கே வேகக் கட்டுப்பாட்டுப் பலகை அவசியம். வேக வரம்புகளை மனம்போனபடி எழுதாமல் வளைவுகளிலிருந்து பெறும்போது, ஓட்டுபவருக்கு அவை நியாயமாகத் தோன்றும். உங்கள் எடிட்டரில் நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்கு மெல்ல மாறும் இணைப்பு வளைவு வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். நிலையான அளவுத் துண்டுகளை ஒட்டிப் பாதை அமைக்கும் பழைய வடிவங்களில் அந்த வசதி இல்லை. அங்கே பெரிய ஆரமுள்ள ஒரு துண்டை முன்னும் பின்னும் சேர்த்தால் திடீர்க் குலுக்கல் ஓரளவு குறையும்.

தண்டவாளம் முடிந்தவுடன், ஒரு மரம்கூட நடாமல், ஒற்றை எஞ்சினை எடுத்து இரு திசைகளிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு முழு வேகத்தில் ஓட்டுங்கள். துண்டுகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் எஞ்சின் தடம்புரளும் அல்லது பாதை அங்கே முடிந்ததாகக் கருதி நிற்கும். இந்தக் கட்டத்தில் அதைச் சரிசெய்வது சில நிமிட வேலை. ஊரெல்லாம் கட்டிய பிறகு சரிசெய்வது பெரும்பாடு. தண்டவாளத் தரவுக் கோப்பு ஒருமுறை சிதைந்தால் மீட்பது கடினம் என்பதால், ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் வழித்தடக் கோப்புறை முழுவதையும் தேதியிட்ட பெயரில் நகலெடுத்து வையுங்கள்.

பாயிண்ட்களும் சிக்னல்களும்

லூப் லைனின் நீளத்தை ரயிலின் நீளத்திலிருந்து கணக்கிட வேண்டும். 26.4 மீட்டர் நீளமுள்ள 12 பெட்டிகளும் 19 மீட்டர் எஞ்சினும் சேர்ந்தால் ஏறத்தாழ 336 மீட்டர். நிற்கும்போது சற்று முன்பின் ஆகலாம் என்பதால், இரு முனைகளிலும் உள்ள சிக்னல்களுக்கு இடையே குறைந்தது 400 மீட்டர் இருக்கட்டும். பாயிண்ட் தொடங்கும் இடத்திலேயே சிக்னலை நட்டுவிடக்கூடாது. இரு பாதைகளும் போதிய அளவு விலகி, பக்கத்துப் பாதையில் செல்லும் ரயில் உரசாத இடத்துக்கு உள்ளேதான் அது நிற்க வேண்டும்.

அடுத்த சிக்னலில் நிற்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே காட்டும் முன்னெச்சரிக்கை சிக்னலின் தூரத்தை நிர்ணயிப்பது பிரேக் பிடிக்கும் தூரமே. நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பயணிகள் ரயில், ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்கு அரை மீட்டர் குறைத்தால் 625 மீட்டரில் நிற்கும். அதே வேகத்தில் வரும் கனமான சரக்கு ரயிலின் பிரேக் பாதி வலுவே உள்ளது என்றால் 1250 மீட்டர் வேண்டும். உங்கள் வழித்தடத்தில் ஓடவிருக்கும் ரயில்களில் எது நிற்க அதிகத் தூரம் எடுக்கிறதோ அதற்கேற்பவே தூரத்தை வையுங்கள்.

சிக்னல் கம்பத்தை நட்டுவிட்டால் மட்டும் சிக்னல் வேலை செய்யாது. அதைத் தண்டவாளத்தோடு இணைக்க வேண்டும். டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கில் ஒரு சிக்னலுக்குப் பல இணைப்புப் புள்ளிகள் உண்டு: 0 என்ற எண்ணுள்ள புள்ளி சிக்னலை ஒட்டியும், 1, 2 என்ற புள்ளிகள் பாயிண்டுக்கு அப்பால் பிரிந்து செல்லும் ஒவ்வொரு பாதையிலும் வைக்கப்படுகின்றன. புள்ளியின் அம்புக்குறி தவறான திசையில் இருந்தால் சிக்னல் எப்போதும் சிவப்பாகவே நிற்கும் அல்லது ரயில் இருந்தும் பச்சை காட்டும். மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் வடிவத்தில் நடைமேடைக்கும் பக்கப் பாதைக்கும் தொடக்கமும் முடிவுமாக இரண்டு குறியீடுகள் இட வேண்டும். அவை இல்லாவிட்டால் சினாரியோவில் அந்த நிலையத்தில் ரயிலை நிறுத்தவே முடியாது. ஒவ்வொரு சிக்னலையும் நட்ட உடனே ஒரு ரயிலை அனுப்பிச் சோதித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

காட்சி அமைப்பு

ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில், முன்னோக்கி இருக்கிறது. வானிலிருந்து பார்க்கும் கேமராவில் வேலை செய்தால் ஒருவரும் பார்க்காத கொல்லைப்புறங்களுக்கு நேரம் செலவாகும். எனவே அடிக்கடி ஓட்டுநர் அறைக்கு வந்து அங்கிருந்து பாருங்கள். பாதையை ஒட்டிய 100 அல்லது 200 மீட்டர் வரை நுணுக்கமான பொருள்களும், அதற்கு அப்பால் எளிய மரக்கூட்டங்களும், தொலைவில் வெறும் நிலவடிவமும் போதுமானவை. ஒரே மரத்தை ஒரே திசையில் வரிசையாக நட்டால் செயற்கைத் தன்மை உடனே தெரியும். திருப்பியும் அளவை மாற்றியும் நடுங்கள்.

எதை முதலில் வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கிலோமீட்டர் கற்கள், வேகப் பலகைகள், ஹாரன் பலகைகள், மின்கம்பங்கள், சிறுபாலங்கள் ஆகியவை வீடுகளுக்கும் மரங்களுக்கும் முன்பே வர வேண்டும். ஓட்டுபவர் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை இவற்றை வைத்தே நினைவில் கொள்கிறார். அதனால்தான் பாதை அவருக்குப் பழக்கமான பாதையாகிறது. மின்மயமான பாதையில் கம்பங்களின் இடைவெளி நேர்ப்பாதையில் பொதுவாக 50 முதல் 65 மீட்டர் வரை இருக்கும், வளைவில் நெருங்கும். இந்த ஒரு விவரம் சரியாக அமைந்தாலே வேக உணர்வு மிக இயல்பாக வரும்.

நிலையத்துக்குள் பொருள்களைக் குவிக்கும்போது திரை ஓட்டம் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். தடுமாறினால் கட்டடங்களைக் குறைப்பதைவிட, தொலைவில் எளிய வடிவத்துக்கு மாறும் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சினாரியோ எழுதுதல்

இப்போது முதல் நாளில் எழுதிய தாளை எடுங்கள். சினாரியோ என்பது தேதி, நேரம், வானிலை, உங்கள் ரயில், அதன் நிறுத்தங்கள், கணினி ஓட்டும் பிற ரயில்கள் ஆகியவற்றின் தொகுப்பு. ஓப்பன் ரெயில்ஸில் இது ஆக்டிவிட்டி எனப்படுகிறது. தனியாகக் கால அட்டவணை முறையும் உண்டு. டிரெயின்ஸில் இது செஷன். பெயர் எதுவானாலும், வழித்தடம் வேறு, சினாரியோ வேறு என்று தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், ஒரே பாதைக்குப் பல சினாரியோக்கள் எழுதலாம்.

எடுத்துக்காட்டாக, முதல் நிலையத்திலிருந்து லூப் லைன் உள்ள நடு நிலையம் 9 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, பாதை வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். ஒரே வேகத்தில் சென்றால் 450 நொடிகள். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர் கூடினால் முழு வேகத்தை எட்ட 50 நொடி ஆகிறது. அதற்குள் செல்லும் 500 மீட்டரை முழு வேகத்தில் 25 நொடியில் கடந்திருக்கலாம் என்பதால் இழப்பு 25 நொடி. ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் குறையும்படி பிரேக் பிடிப்பதில் இதேபோல் 20 நொடி இழப்பு. மொத்தம் 495 நொடி, அதாவது 8 நிமிடம் 15 நொடி. அட்டவணையில் 9 நிமிடம் கொடுங்கள். புறப்பாடு 06:40, வருகை 06:49. கவனமாக ஓட்டுபவருக்கு 45 நொடி கையிருப்பு கிடைக்கும். அசட்டையாக ஓட்டுபவர் தாமதமாவார்.

நடு நிலையத்தில் எதிரே வரும் விரைவு ரயில் உங்களைக் கடக்க வேண்டும். அதை 06:49-க்கே அங்கே வரவழைத்தால், உங்கள் ரயிலின் கடைசிப் பெட்டி லூப்பிற்குள் முழுவதும் நுழைந்திராத நேரத்தில் அது சிவப்பு சிக்னலில் நின்றுவிடும். காட்சியின் வேகமே கெட்டுப்போகும். 06:52 என்று வைத்தால், நீங்கள் நின்று, பாயிண்ட் திரும்பி, முன்னெச்சரிக்கை சிக்னல் பச்சையான பிறகு அது தடையின்றிப் பாய்ந்து செல்லும். நீங்கள் 2 நிமிடம் தாமதமானால் அது சற்று வேகம் குறைக்கும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டிய இன்னொன்று: கணினி ஓட்டும் ரயில் ஒற்றைப் பாதைப் பகுதியை உங்களுக்கு முன்பே கைப்பற்றிவிட்டால், இரு ரயில்களும் எதிரெதிரே நின்று, சினாரியோ முடிவே இல்லாமல் உறைந்துவிடும். எதிர் ரயிலை மூன்றாவது நிலையத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் வரை நிறுத்திவைத்து, அதன் பிறகே புறப்படச் செய்வதே இதற்குப் பாதுகாப்பான வழி.

கணினி ரயில்களின் எண்ணிக்கையைக் குறைவாகவே வையுங்கள். ஓட்டுபவரின் கண்ணில் படாத இடத்தில் ஓடும் ரயிலால் பயனில்லை. பெட்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் நிற்கும் சில பெட்டிகள், கடந்து செல்லும் ஒரு ரயில், முன்னே சென்று உங்களுக்கு மஞ்சள் சிக்னலைத் தரும் ஒரு சரக்கு ரயில் ஆகியவை ஒரு மணி நேரப் பயணத்துக்கே போதும்.

தொடக்கக் குறிப்பில், உண்மையான ஓட்டுநருக்குத் தெரிய வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: ரயிலின் சுமை, பெட்டிகளின் எண்ணிக்கை, நிறுத்தங்களும் நேரங்களும், தற்காலிக வேகக் கட்டுப்பாடு இருந்தால் எந்தக் கிலோமீட்டர் முதல் எது வரை என்பது. பயணத்தின் நடுவே திரையில் செய்திகளைக் கொட்டினால் ஓட்டுபவரின் கவனம் பாதையிலிருந்து விலகும்.

சோதித்தலும் பகிர்தலும்

சினாரியோவை அட்டவணைப்படி ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே 5 நிமிடம் தாமதமாகவும், இன்னொருமுறை சீக்கிரமாகவும் ஓட்டுங்கள். நடுவில் சேமித்து வெளியேறி மீண்டும் தொடர்ந்து பாருங்கள். கணினி ரயில்கள் தம் வழியை இழப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். அதன் பின் இந்த வழித்தடத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் குழம்புகிறாரோ அங்கே ஒரு பலகையோ, குறிப்பில் ஒரு வரியோ குறைகிறது என்று பொருள்.

பிறருக்கு வழங்கும்போது, காசு கொடுத்து வாங்கிய பொருள்களையும் பிறர் உருவாக்கிய பொருள்களையும் அனுமதியின்றி உங்கள் தொகுப்புக்குள் சேர்க்கக்கூடாது. அவற்றின் பெயர், பதிப்பு, எங்கே பெறலாம் என்ற விவரத்தை ஒரு பட்டியலாக எழுதிச் சேர்த்தால் போதும். டிரெயின்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் கேயுஐடி என்ற தனி எண் இருப்பதால் இந்தப் பட்டியலைத் தயாரிப்பது எளிது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவைப் பயன்படுத்தியிருந்தால் அதன் உரிமத்தின்படி அதைக் குறிப்பிட வேண்டும். கடைசியாக, உங்கள் கூடுதல் பொருள்கள் எதுவும் இல்லாத, புதிதாக நிறுவிய சிமுலேட்டர் ஒன்றில் தொகுப்பை இறக்கி, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் சேர்த்து, முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை ஓட்டிப் பாருங்கள். விடுபட்ட பொருள் ஏதேனும் இருந்தால் அது எந்தக் கோப்பு என்பதைச் சிமுலேட்டரின் பதிவுக் கோப்பிலேயே காணலாம். அதையும் பட்டியலில் சேர்த்த பிறகு வெளியிடுங்கள்.